கையிலுள்ள ஆட்சியை நெகிழவிட்ட மன்றம்

தன்னாட்சி என்னும் சொல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் ஒலிக்கத் தொடங்கி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 1969 இல் இராசமன்னார் குழு அமர்த்தப்பெற்றது. 1971 இல் அக்குழு தன் அறிக்கையைத் தந்தது. 1974 ஏப்பிரலில் மாநிலத் தன்னாட்சித் தீர்மானம் பேரவையில் நிறைவேறியது. 2025 ஏப்பிரலில், உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற நடுவர் குரியன் சோசப்பு தலைமையில் இன்னுமொரு குழு அறிவிக்கப்பெற்றது. தில்லி பறித்துக்கொண்ட உரிமைகளைத் திருப்பிக் கேட்கும் இம்முயற்சிகளுள் எதனையும் யாம் குறைத்துப் பேசோம். பறிகொடுத்தவன் கேட்கத்தான் வேண்டும். ஆயினும், பறிபோகாமல் நம் கையிலேயே எஞ்சியிருக்கின்ற உரிமையை நாம் என் செய்தோம் என்றொரு கேள்வி உண்டு. அதனைத்தான் இங்கு எழுப்புகின்றோம். கேட்பது தில்லியிடமன்று, நம்மவரிடம். ஆதலால் சிலருக்குக் கசக்கும், கசக்கட்டும்.

ஒரு மாநிலச் சட்டமன்றம், அரசியலமைப்புக்கு உட்பட்டுத் தன் நடைமுறையையும் அலுவல் ஒழுங்கையும் தானே விதி செய்து அமைத்துக்கொள்ளலாம் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 208 ஆம் பிரிவு கூறுகின்றது. அவ்விதிகளுக்கு ஆளுநரின் ஒப்புதல் வேண்டா. குடியரசுத் தலைவரின் இசைவு வேண்டா. தில்லி உள்துறைக்குப் படியெடுத்து அனுப்பவும் வேண்டா. பேரவைக்கு எத்தனைக் குழுக்கள் இருக்க வேண்டும், அவற்றுள் யார் யார் அமர வேண்டும், எந்தத் துறையிடம் எந்தத் தாளைக் கேட்டு வாங்கலாம், எந்தச் சட்டமுன்வடிவு குழுவின் கண்ணிற் படாமல் நிறைவேறலாகாது என்பனவெல்லாம் பேரவை தன் கையாலேயே எழுதிக்கொள்ளக் கூடியவை. தில்லி நமக்கு விட்டுவைத்த உரிமைகள் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் இஃது ஒன்று. இதனை நாம் எவ்வாறு ஆண்டுகொண்டிருக்கின்றோம்?

பேரவைக்குப் பத்துப் பன்னிரண்டு நிலைக்குழுக்கள் உள்ளன. செலவழித்த பணத்துக்குக் கணக்குப் பார்க்கப் பொதுக் கணக்குக் குழு. மதிப்பீடுகளை ஆராய மதிப்பீட்டுக் குழு. அரசு நடத்தும் நிறுவனங்களைப் பார்க்கப் பொது நிறுவனங்கள் குழு. அமைச்சர்கள் அவையில் தந்த உறுதிமொழிகள் என்னவாயின என்று கேட்க உறுதிமொழிக் குழு. மக்களின் முறையீடுகளைக் கேட்க மனுக்கள் குழு. உறுப்பினர் உரிமை, நூலகம், விதிகள், அவை அலுவல் முதலியவற்றுக்கும் தனித்தனிக் குழுக்கள். ("மனு"வை இன்னும் விட்டபாடில்லை. சபாநாயகரைப் பேரவைத் தலைவராக்கத் தெரிந்தவர்களுக்கு, மனுக்கள் குழுவை முறையீட்டுக் குழுவாக்கத் தெரியாமற் போயிற்று! அதனினும் பெரிய குறைகள் இருத்தலின் இதனை இங்கேயே விட்டு மேற்செல்வோம்.)

இவற்றுள் ஒன்றேனும் துறைவாரியான குழுவன்று. உழவுக்கென ஒரு குழு இல்லை. நீருக்கும் பாசனத்துக்கும் ஒரு குழு இல்லை. கல்விக்கு இல்லை, மருத்துவத்துக்கு இல்லை, தொழிலாளர் நலனுக்கு இல்லை. உள்ள குழுக்களும் பெரும்பாலும் நடந்து முடிந்ததைப் பின்னின்று பார்க்கின்றவையே. பணம் செலவாகி, கணக்காய்வாளர் அதனைத் துருவி, அறிக்கை எழுதி, அவ்வறிக்கை ஆளுநர் வழியாக அவைக்கு வந்து, அதன் பின்னரே பொதுக் கணக்குக் குழு தன் வேலையைத் தொடங்குகின்றது. அவ்வறிக்கையை எத்தனை நாளுக்குள் அவையில் வைக்க வேண்டும் என்று 151 ஆம் பிரிவு வரையறுக்கவில்லை. ஆதலின், கூட்டத்தொடரின் கடைசி நாளில் அதனை வைத்துவிட்டு எழுந்து போவது ஆளும் கட்சிகளுக்குக் கைவந்த கலையாயிற்று. ஒரு கட்சியை மட்டும் சொல்லவில்லை. மாறி மாறி ஆண்ட இரு கழகங்களையும் சேர்த்தே சொல்கின்றோம். குழு வினா எழுப்பி, துறை விடை தந்து, பரிந்துரை அச்சேறும்போது, அச்செலவுக்கு ஆணையிட்ட அலுவலர் ஓய்வு பெற்றிருப்பார். அமைச்சரோ எதிர்க்கட்சி இருக்கையில் அமர்ந்து அதே குற்றத்தை வேறொருவர்மேற் சுமத்திக்கொண்டிருப்பார்.

துறைவாரிக் குழு இல்லாமையால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பார் உளர். அவர்கள் 2023 ஏப்பிரலை நினைவுகூர்வார்களாக.

அத்திங்கள் 12 ஆம் நாள், தொழிற்சாலைகள் சட்டத்தைத் தமிழ்நாட்டளவில் திருத்தும் முன்வடிவு ஒன்று பேரவையில் வைக்கப்பெற்றது. வேலைநேர வரம்பு, கிழமை விடுமுறை, இடை ஓய்வு, மிகைநேர ஊதியம் ஆகியவை பற்றிய பிரிவுகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்கும் ஆற்றலை அரசுக்குத் தருவது அது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் ஆளை நிறுத்தி வேலை வாங்குவதற்கு வாயில் திறந்துவிடுவது என்பது அதன் பொருள். ஒன்பது நாள் கழித்து, 21 ஆம் நாள், குரல் வாக்கில் அது நிறைவேறியது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. 24 ஆம் நாள் அதன் மேல் நடவடிக்கைகள் நிறுத்திவைக்கப்பெற்றன. மே முதல் நாள், அம்முன்வடிவு திரும்பப் பெறப்பெற்றதாக முதலமைச்சர் அறிவித்தார்.

இந்நாட்டில் முதன்முதலாக மே நாளைச் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கொண்டாடியது 1923 இல். சரியாக நூறாண்டு கழித்து, அதே கடற்கரையைப் பார்த்தபடி நிற்கும் கோட்டையில், எட்டு மணிநேர உரிமையைத் தளர்த்தும் முன்வடிவு குரல் வாக்கில் நிறைவேறிப் பத்தே நாளில் திரும்பப் பெறப்படுகின்றது! நிறைவேற்றியதும் அவர்களே, திரும்பப் பெற்றதும் அவர்களே. திரும்பப் பெற்றமைக்கு நன்றி கூறுவோர் கூறிக்கொள்க. யாம் கேட்பது வேறு. அந்த ஒன்பது நாளில், திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளி ஒருவரையேனும், திருப்பெரும்புதூர் மின்னணுத் தொழிற்சாலையில் இரவு முறை பார்க்கும் பெண் ஒருவரையேனும், ஒரு தொழிற்சங்கச் செயலாளரையேனும் பேரவை தன் முன் அமரவைத்துக் கேட்டதா? கேட்க எங்கே அமரவைப்பது? தொழிலாளர் துறைக்கென ஒரு நிலைக்குழு இருந்திருப்பின், முன்வடிவு அங்குப் போயிருக்கும். தெருவில் எழுந்த அத்தனைக் கேள்வியும் குழு அறையில் எழுந்திருக்கும். விடை சொல்ல முடியாத துறைச் செயலர் அங்கேயே திணறியிருப்பார். அவைக்கு இந்த இழுக்கு நேர்ந்திராது.

தொழிலாளருக்கு ஊர்தோறும் சங்கம் இருந்தது, கூச்சலிட்டுத் தடுத்துவிட்டார்கள். ஏரிக்குச் சங்கம் உண்டா? அதே 21 ஆம் நாள், கருத்தாடல் எதுவுமின்றி நிறைவேறியது மற்றொரு முன்வடிவு: சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 எக்டேருக்குக் குறையாத பெருந்திட்டப் பரப்புக்குள் நீர்நிலையோ வாய்க்காலோ ஓடையோ இருப்பின், வல்லுநர் குழு ஒன்றின் பரிந்துரையைப் பெற்று, அந்நிலத்தையும் திட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ள வழிசெய்வது இது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன என்பர். ஏரி, கண்மாய், ஏந்தல், தாங்கல், ஊருணி, குளம், குட்டை என்று நீர் நிற்கும் இடத்துக்கு இத்தனைப் பெயர் வைத்த இனம் இது. ஓர் ஏரி என்பது கரைக்குள் நிற்கும் நீர் மட்டுமன்று. மேல் ஏரியின் கலிங்கல் வழிந்து கீழ் ஏரியின் வரத்துக்கால் நிறைகின்றது. இடையில் ஒரு காலை மறித்தால் அதன்கீழுள்ள ஊர்களெல்லாம் வறளும். மழை மிகுந்தால் மேலுள்ள ஊர் மூழ்கும். 2015 இல் சென்னையும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் மூழ்கியபோது இப்பாடத்தை நாம் கண்ணீரோடு படித்தோம். எட்டாண்டுக்குள் மறந்தோம். நீருக்கென ஒரு நிலைக்குழு இருந்து, அதில் செங்கற்பட்டு, காஞ்சிபுரம், இராமநாதபுரம், தஞ்சை மாவட்டங்களின் உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி அமர்ந்து, மடை திறக்கும் நீர்க்கட்டியையும் பாசனப் பொறியாளரையும் அருகருகே இருத்தி வினவியிருந்தால், அச்சட்டம் இப்போதுள்ள வடிவில் வந்திருக்குமா? 'வராது' என்று உறுதி கூற எம்மால் இயலாது. கேட்காமலே வந்தது என்பதை மட்டும் உறுதியாகக் கூறுகின்றோம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுதுதல் வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றி அனுப்பும் முன்வடிவுகளை ஆளுநர் திங்கள் கணக்கில், ஆண்டுக் கணக்கில் முடக்கி வைத்தபோது நாம் கொதித்தோம். கொதித்தது முறையே. மக்கள் தேர்ந்தெடுத்த அவையின் முடிவைத் தில்லி அமர்த்திய ஒருவர் பெட்டிக்குள் பூட்டுவது குடியாட்சிக்கு அடுத்ததன்று. 2023 நவம்பரில் அவர் திருப்பியனுப்பிய பத்து முன்வடிவுகளைப் பேரவை மீண்டும் கூடி மீண்டும் நிறைவேற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2025 ஏப்பிரலில் அப்பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளும் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு விடையளித்த அரசியலமைப்பு அமர்வு, ஆளுநருக்குக் காலவரையறை விதித்தல் இயலாது என்று கூறிப் பழைய இருளை மீண்டும் கொணர்ந்தது. அப்போர் இன்னும் முடியவில்லை. முடியும்வரை நாமும் ஓயப்போவதில்லை. ஆயின், ஆளுநர் ஒரு முன்வடிவை ஈராண்டு வைத்திருந்தார் என்று பேசும்போது, 'நீங்கள் அதனை எத்தனை மணிநேரம் ஆய்ந்தீர்கள்?' என்று எதிரி திருப்பிக் கேட்டால், நம் வாய் அடைபடக் கூடாதன்றோ? குழுவில் ஆறு கிழமை ஆய்ந்து, உழவரையும் தொழிலாளரையும் ஆசிரியரையும் கேட்டு, சொல் சொல்லாகத் திருத்தி அனுப்பிய முன்வடிவுக்கு உள்ள எடை, காலையில் வைத்து மாலையில் நிறைவேற்றிய முன்வடிவுக்கு வருமா?

பணத்தின் பக்கம் திரும்புவோம். தமிழ்நாட்டரசின் ஆண்டுச் செலவு இப்போது நான்கு இலக்கம் கோடி உருபாவைத் தாண்டிவிட்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட மானியக் கோரிக்கைகள் (நல்கை வேண்டுகைகள் என்றால் நாவு சுளுக்கிக்கொள்ளாது) ஏறத்தாழ ஒரு திங்கள் காலத்துக்குள், ஒரே நாளில் இரண்டும் மூன்றுமாக அவைக்கு வந்து நிறைவேறுகின்றன. உறுப்பினருக்குத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு அன்றைக்குத்தான் கையில் வருகின்றது. அதனைப் புரட்டுவதற்குள் அவர் பேசும் முறை வந்துவிடும். பாதி நேரம் தலைவர்க்குப் புகழ்மாலை. மீதி நேரம் தன் தொகுதிக்கு ஒரு பாலம், ஒரு பேருந்து நிலையம், ஒரு கல்லூரி. அவரை யாம் பழிக்கவில்லை. எட்டு நிமையத்தில் ஒரு துறையின் பல ஆயிரம் கோடியை எவரால் அலச முடியும்? நாடாளுமன்றத்தில், வரவு செலவுத் திட்டத்தின் பொதுக் கருத்தாடல் முடிந்ததும் அவை இடையே ஒத்திவைக்கப்படும். துறைக் குழுக்கள் வேண்டுகைகளை எடுத்துத் துறைச் செயலர்களை வினவி அறிக்கை தரும். அதன் பின்னரே வாக்கெடுப்பு. 1993 இல் 17 குழுக்களோடு தொடங்கி, 2004 இல் 24 ஆகப் பெருகிய அமைப்பு அது.

தில்லியைப் பார்த்துப் படிக்கச் சொல்கின்றீரா என்று எம்மேற் பாய வேண்டா. தில்லி தன் குழுக்களைத் தானே எவ்வாறு சாகடித்தது என்பதும் எமக்குத் தெரியும். 2009 முதல் 2014 வரையிருந்த மக்களவையில் நூற்றுக்கு ஏறத்தாழ 71 முன்வடிவுகள் குழுவுக்குச் சென்றன. 2019 முதல் 2024 வரையிருந்த அவையில் அது 16 அளவுக்குச் சுருங்கியது. 2020 செப்டம்பரில் மூன்று உழவுச் சட்டங்களையும் குழுவுக்கு அனுப்பாமலே நிறைவேற்றினார்கள். ஓராண்டுக்கு மேல் உழவர்கள் தில்லி எல்லையில் வெயிலிலும் பனியிலும் கிடந்த பின்னர் 2021 இறுதியில் திரும்பப் பெற்றார்கள். குழுவைத் தாண்டிக் குதித்தவன் தெருவில் வந்து விழுகின்றான். தில்லியில் நடந்ததும் அதுவே. சென்னையில் 2023 இல் நடந்ததும் அதுவே.

சேரநாட்டார் நமக்கு முந்திக்கொண்டனர். 140 உறுப்பினரே உள்ள கேரளச் சட்டமன்றம் 1980 முதலே பொருள்வாரிக் குழுக்களை நடத்துகின்றது. அவை இப்போது 14. சட்டமுன்வடிவுகள் பெரும்பாலும் அக்குழுக்கள் வழியாகவே செல்கின்றன. ஆனால் அங்கும் ஓர் ஓட்டை உண்டு. அத்துறை அமைச்சரே குழுவின் தலைவராக அமர்கின்றார். பயிரைக் காக்க வேலி கட்டிவிட்டு, மேய வந்தவனையே வேலிக்குத் தலைவனாக்கினால் வேலியால் என்ன பயன்? அமைச்சர் விடை சொல்ல வேண்டியவர். வினவும் இருக்கையில் அவர் அமரலாகாது. நாம் புதிதாகக் கட்டும்போது இவ்வோட்டையை அடைத்துக் கட்டுதல் வேண்டும்.

இனி, இருக்கின்ற குழுக்களாவது எவ்வாறு அமைகின்றன என்று பார்த்தால் மனம் இன்னும் புண்படுகின்றது. பணம் பற்றிய குழுக்களுக்கு உறுப்பினர்கள் தேர்தல் வழி வர வேண்டுமென்பது விதியேட்டின் நெறி. கட்சிக் கொறடாக்கள் கூடிப் பேசி, இடங்களின் எண்ணிக்கைக்குச் சரியாகப் பெயர் கொடுத்துவிட்டால் வாக்குச் சீட்டுக்கே வேலையில்லை. ஏனைய குழுக்களுக்கோ பேரவைத் தலைவரே பெயர் குறிக்கின்றார். குழுத் தலைவரை அமர்த்துபவரும் அவரே. அவர் ஆளுங்கட்சியின் வழியே அவ்விருக்கைக்கு வந்தவர் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனவே, இன்ன உறுப்பினருக்கு நீரியல் தெரியும், இன்னவர் முப்பதாண்டு ஆசிரியராக இருந்தவர், இன்னவர் நெசவாளி என்பதெல்லாம் கணக்கில் வருவதில்லை. அமைச்சராக முடியாமல் முகம் வாடியவருக்கு ஆறுதலாகக் குழுத் தலைமை தரப்படுகின்றது.

பொதுக் கணக்குக் குழுவின் தலைமையையே எடுத்துக்கொள்வோம். அரசின் செலவைத் துருவும் குழு ஆகையால், அதன் தலைமை எதிர்க்கட்சிக்கு உரியது என்பது நாகரிகக் குடியாட்சிகளின் வழக்கம். மக்களவையில் 1967 இல் சுதந்திராக் கட்சியின் மினு மசானி அமர்ந்த நாள் முதல் அவ்வழக்கம் நிலவுகின்றது. தமிழ்நாட்டில் 2016 இல் அமைந்த பேரவையில் எதிர்க்கட்சியாயிருந்த தி.மு.க.வின் துரைமுருகன் அத்தலைமையில் இருந்தார். 2021 இல் அமைந்த பேரவையில், 66 இடம் பெற்ற முதன்மை எதிர்க்கட்சி அங்கேயே இருக்க, ஆளுங்கூட்டணியின் உள்ளிருந்தே வென்ற காங்கிரசின் செல்வப்பெருந்தகை அவ்விருக்கையில் அமர்த்தப்பெற்றார். அவர் தனிப்பட்ட முறையில் உழைப்பாளியாக இருக்கலாம். மாவட்டந்தோறும் குழுவை அழைத்துச் சென்றும் இருக்கலாம். அது பேச்சன்று. அரசோடு ஒரே மேடையில் நின்று வாக்குக் கேட்டவர் கையில், அவ்வரசின் கணக்கைத் துருவும் ஊசியைக் கொடுப்பது முறையா என்பதே பேச்சு. தாம் எதிர்க்கட்சியாக இருந்தபோது துய்த்த உரிமையை ஆளுங்கட்சியானதும் பிறர்க்கு மறுப்பது நேர்மையாகுமா?

பரம்பரைப் பெருமை பேசுவோர் இவ்விடத்தில் உத்தரமேரூரை இழுப்பார்கள். முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அங்குள்ளன. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியாக ஆட்டை வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என ஆள் தேர்ந்தனர். அது பார்ப்பனர் ஊரவை. மறையோதியவனுக்கும் நிலமுடையவனுக்குமே அங்கு இடமிருந்தது. உழுதவனுக்கும் ஏரி வெட்டியவனுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. ஆகவே, இது தமிழர் குடியாட்சி என்று மார் தட்டுவோரோடு யாம் சேர மாட்டோம். எனினும் அக்கல்வெட்டில் இரண்டு செய்திகள் நம் கோட்டையிலுள்ளோர் படிக்கத் தக்கவை. ஒன்று, ஆயிரத்து நூறாண்டுக்கு முன்பே ஏரிக்கென ஒரு தனி வாரியம் இருந்தது. இன்று பேரவையில் இல்லை. மற்றொன்று, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவனும் அவன் உறவினரும் மீண்டும் குடத்தில் ஓலையிடப்பெறத் தகுதியற்றவர். இவ்விதியை இன்று கொணர்ந்தால் இரு கழகங்களிலும் எத்தனைக் குடும்பங்கள் மிஞ்சும் என்று எண்ணிப் பார்த்துச் சிரித்துக்கொள்க.

குழு அமைந்துவிட்டது என்றே கொள்வோம். அதற்கு உழைப்பவர் யார்? இதுதான் எவரும் பேசாத செய்தி. யாம் மிகுதியாகக் கவலைப்படுவதும் இதைப்பற்றியே. 187 ஆம் பிரிவு, சட்டமன்றத்துக்கெனத் தனிச் செயலகப் பணியாளர் இருக்க வேண்டும் என்கின்றது. அவர்களை அமர்த்தும் முறையைச் சட்டமன்றம் சட்டம் இயற்றி வகுத்துக்கொள்ளலாம். அதுவரை, பேரவைத் தலைவரோடு கலந்து ஆளுநர் விதி செய்யலாம் என்றும் கூறுகின்றது. மக்கள் மன்றத்தின் எழுத்தருக்குப் பணி விதி எழுதும் வேலை, தில்லியின் ஆளான ஆளுநருக்கு! இதனைத் துடைத்தெறியவும் வழி அதே பிரிவிலேயே இருக்கின்றது: சட்டமன்றமே சட்டம் செய்துகொள்வது.

குழுக்களுக்கு உதவுவோர் செயலகத்தின் பிரிவு அலுவலர்கள். கூட்டத்துக்கு அழைப்பனுப்புதல், வினாநிரல் தொகுத்தல், குறிப்பெடுத்தல், அறிக்கை அச்சிடல் ஆகியவற்றை அவர்கள் பழுதறச் செய்கின்றனர். ஆனால் குழுவுக்கெனவே ஒரு நீர்ப் பொறியாளர், ஒரு பொருளியலார், ஒரு மருத்துவத் துறை வல்லுநர், ஒரு சட்ட வரைவாளர் என்று அமர்த்தும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. எதிரில் அமர்ந்திருக்கும் துறைச் செயலருக்குப் பின்னால் ஒரு துறையே நிற்கின்றது: தலைமைப் பொறியாளர்கள், கணக்கு அலுவலர்கள், முப்பதாண்டுக் கோப்புகள். உறுப்பினருக்குப் பின்னால் யார் நிற்கின்றார்? வெறுங்கையர் வினவுகின்றார், படையுடையார் விடையளிக்கின்றார். பொதுக் கணக்குக் குழுவுக்கு மட்டும் மாநிலக் கணக்காய்வுத் தலைவரின் துணை உண்டு. அவரோ தில்லிக் கணக்காய்வுத் துறையின் அலுவலர். நம் கணக்கை நாம் பார்ப்பதற்கும் தில்லியின் கண்ணாடியைத்தான் இரவல் வாங்க வேண்டியிருக்கின்றது.

அமெரிக்க நாட்டின் பொருள்வெறியும் போர்வெறியும் யாம் அறியாதனவல்ல. ஆயினும் அந்நாட்டு மாநில மன்றங்களிடம் கற்கத்தக்க ஒன்று உண்டு. விசுகான்சின் மாநிலத்தில் 1901 இலேயே சார்லசு மெக்கார்த்தி என்பவர் சட்டமன்றத்துக்கென ஓர் ஆய்வு நூலகத்தைத் தோற்றுவித்தார். உறுப்பினர் எவராயினும் கேட்ட செய்தியைத் தேடித் தரவும், முன்வடிவை வரைந்து தரவும் அங்கு ஆளிருந்தனர். அதுவரை பணமுதலைகளின் வழக்கறிஞர்கள் எழுதிக் கொடுத்ததை அவையில் வைத்துக்கொண்டிருந்த எளிய உறுப்பினர்களுக்கு அது பெரும் படைக்கலம் ஆயிற்று. கலிபோர்னியா மாநில மன்றம் 1941 இல், ஆளுநரின் அரசு தரும் கணக்கை மட்டும் நம்பியிராமல், கட்சி சாராத தன் சொந்தக் கணக்கறிஞர் அலுவலகத்தை அமைத்துக்கொண்டது. இன்றும் அஃது ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தை வரி வரியாக ஆய்ந்து மன்றத்துக்கு உரைக்கின்றது. நமக்கோ பல்கலைக்கழகங்கள் பல. வேலையின்றி நிற்கும் முனைவர்கள் ஆயிரக்கணக்கினர். அவர்களுள் நூற்றுவரைத் தேர்வு வைத்து எடுத்துக் குழுக்களுக்கு அமர்த்துவதால் இவ்வரசு நொடித்துவிடுமா? அரசு விழாப் பந்தல்களுக்கும் நாளிதழ் முழுப்பக்க விளம்பரங்களுக்கும் ஆகும் செலவை நினைத்துப் பார்த்து விடை கூறட்டும்.

அவ்வாறு அமர்த்தப்பெறுவோர் தமிழில் எழுத வல்லவராக இருத்தல் வேண்டும். 1956 இலேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் செய்தோம். அவையில் தமிழ் முழங்குகின்றது, மகிழ்ச்சி. ஆனால் 348 ஆம் பிரிவின்படி நம் சட்டத்தின் ஆங்கில வாசகமே முடிவான வாசகம். அமைச்சர் தமிழில் பேசுவார். உறுப்பினர் தமிழில் கைதட்டுவார். வழக்கு வந்தால் நீதிமன்றம் ஆங்கிலத்தைப் புரட்டும். இவ்வடிமைத்தனம் ஒரு நாளில் தீராது. தீர்க்கத் தொடங்கும் இடம் குழு அறைதான். பாசனப் பொறியாளர், பருத்தி உழவராக இருந்து வந்த உறுப்பினர்க்குத் தமிழிலேயே விளக்கியாக வேண்டுமென்று விதி வைத்துப் பாருங்கள். இரண்டே ஆண்டில், நீரியலுக்கும் மின்னியலுக்கும் கணக்கியலுக்கும் புழங்கும் தமிழ் தானே பிறக்கும். கலைச்சொல் அகரமுதலிகள் எத்தனையோ அச்சாகி அடுக்கில் தூங்குகின்றன. வினாவும் விடையும் நிகழும் இடமில்லாமையால் அச்சொற்களுக்கு உயிர் வரவில்லை.

'குழுவுக்கு அனுப்பினால் காலம் நீளும்' என்பர். பத்து நாளில் திரும்பப் பெற்ற முன்வடிவால் மிஞ்சிய காலம் எவ்வளவு? 'நம் உறுப்பினர்க்கு அத்தகைய திறம் ஏது?' என்றும் ஏளனம் செய்வர். வாக்குக் கேட்கும்போது மக்கள் தொண்டராகத் தெரிந்தவர், வினவ வேண்டிய இடத்தில் மட்டும் அறிவிலியாகத் தெரிகின்றாரோ? ஆள் போதாது என்பர். அதற்கும் கணக்குச் சொல்வோம். பேரவையில் 234 உறுப்பினர். அமைச்சர் எண்ணிக்கை நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டலாகாது என்பது 2003 ஆம் ஆண்டுத் திருத்தம். ஆக 35 பேர். பேரவைத் தலைவரையும் துணைத்தலைவரையும் நீக்கினால் மிஞ்சுவோர் 197. பதினான்கு துறைக் குழுக்கள், குழுவுக்குப் பதினால்வர் எனின் 196 இருக்கைகள். ஒருவர் மட்டும் எஞ்சுகின்றார். எதிர்க்கட்சித் தலைவர் எல்லாக் குழுவிலும் வந்தமர்ந்து கேட்கட்டும் என்று அவரை விட்டுவிடலாம்.

அமைச்சரல்லாதவரே தலைவராக வேண்டும். தலைமைகள் கட்சிகளின் இடவளவுக்கேற்பப் பங்கிடப்பெற வேண்டும். பொதுக் கணக்குக் குழுவின் தலைமை, அரசோடு கூட்டணியில்லாத கட்சிக்கே என்று விதியில் எழுதப்பெற வேண்டும். வழக்கத்தை நம்பியது போதும். பணமுன்வடிவும் உண்மையான நெருக்கடியும் தவிர, எந்தச் சட்டமுன்வடிவும் குழு அறிக்கையின்றி நிறைவேறலாகாது. துறை வேண்டுகைகள் குழுவில் இரு கிழமையேனும் இருத்தல் வேண்டும். குழுவின் அமர்வுகள், மறைக்க வேண்டிய காரணம் எழுத்தில் தரப்பெற்றாலன்றி, மக்கள் வந்து பார்க்கத் திறந்திருத்தல் வேண்டும். பணியாளர் சட்டத்தை 187 ஆம் பிரிவின் கீழ்ப் பேரவையே இயற்றிக்கொள்ள வேண்டும்.

பணியாளர் சட்டமொன்றுதான் ஆளுநர் மாளிகைக்குப் போக வேண்டியது. மற்றவையெல்லாம் விதித் திருத்தங்களே. இருக்கின்ற குழுக்களுள் விதிகள் குழு என்றொரு குழு முன்னரே இருக்கின்றது. அதன் தலைமையில் பேரவைத் தலைவர் அமர்ந்து, ஒரு பிற்பகலில் அதனைக் கூட்டி, இத்திருத்தங்களை அவைமுன் வைப்பதற்கு ஆளுநரின் கையொப்பம் வேண்டியதில்லை.